குறைந்த விலையில் மாடுலர் சோபா: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

தனித்தனி இருக்கைகளை விரும்பிய வடிவில் இணைத்துக் கொள்ளக்கூடியவை மாடுலர் சோபாக்கள். குறுகிய மாடிப்படிகளிலும் அவற்றைப் பகுதி பகுதியாக ஏற்றலாம் என்பதால், அடிக்கடி வீடு மாறும் வாடகைதாரர்களுக்கு இவை ஏற்றவை. ஆனால், பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் இரு சோபாக்களின் விலை வேறுபடுவதற்கு, உறைக்குள் மறைந்திருக்கும் பொருள்களே பெரும்பாலும் காரணமாகின்றன.

சட்டகம்: உறுதியான மரம் அல்லது தரமான பிளைவுட்டால் செய்யப்பட்டதா எனக் கேட்டறிய வேண்டும். மரத்தூளை அழுத்தித் தயாரிக்கப்படும் பலகை ஈரம் பட்டால் உப்பிவிடும். திருகாணிகளின் பிடிப்பும் தளரும்.

ஃபோம்: இதன் அடர்த்தி, ஒரு கன மீட்டருக்கு இத்தனை கிலோ எனக் கணக்கிடப்படுகிறது. அன்றாடம் பயன்படுத்தும் இருக்கைக்கு 32 முதல் 40 வரையிலான அடர்த்தி பொருத்தமானது. அடர்த்தி குறைந்த ஃபோம் விரைவில் அமுங்கிக் குழி விழும். உட்கார மென்மையாக இருப்பதை மட்டும் வைத்துத் தரத்தை முடிவு செய்யக் கூடாது.

அளவு: வரவேற்பறையுடன் வாசற்கதவு, மின்தூக்கி ஆகியவற்றின் அகலத்தையும் அளக்க வேண்டும். சோபா அடைக்கும் இடத்தில் செய்தித்தாள்களை விரித்துப் பார்த்தால், நடமாட எவ்வளவு இடம் மிஞ்சும் என்பது தெரியும்.

விலை: விளம்பரத்தில் உள்ள தொகை ஓர் இருக்கைக்கா, முழுத் தொகுப்புக்கா என்பதைக் கவனிக்க வேண்டும். முதலில் 2 இருக்கைகளை வாங்கிப் பின்னர் கூடுதலாகச் சேர்க்க விரும்புவோர், அதே மாதிரியும் துணியும் தொடர்ந்து கிடைக்குமா என்பதை உறுதி செய்துகொள்வது அவசியம்.

சட்டகத்துக்கும் ஃபோமுக்குமான உத்தரவாதக் காலத்தை எழுத்துபூர்வமாகப் பெற்று, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். விற்பனையாளர் குறையைச் சரிசெய்ய மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் அளிக்கலாம்.