2020 டிசம்பர் 31: யாரோடு வாழலாம் என்று தீர்மானிக்கும் தேதி

லண்டன் ஹாரோவில் ஒரே தெருவில் இரண்டு யாழ்ப்பாணக் குடும்பங்கள் குடியிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டுக்காரர் அகதியாக நேரே பிரிட்டனுக்கு வந்து, பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவர். அடுத்த வீட்டுக்காரர் நெதர்லாந்தில் தஞ்சம் பெற்று, டச்சுக் குடியுரிமை வாங்கி, பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காக 2008இல் பிரிட்டனுக்கு வீடு மாறியவர். இருவருக்கும் ஊரில் வயதான தாய் இருக்கிறார். டச்சுப் பாஸ்போர்ட்காரர் தாயை அழைத்துக்கொள்ளச் சட்டத்தில் இன்றும் வழி உண்டு, விண்ணப்பக் கட்டணமும் கிடையாது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரருக்கு அது கிட்டத்தட்ட நடக்காத காரியம்.

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் விலகிய பிறகும் இப்படி இருக்கிறதா என்று கேட்பவர்கள் பலர். விலகியதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நம்பி, கையில் உள்ள உரிமையைக் கேட்காமலே விட்டவர்களும் உண்டு. அதனால்தான் இதை விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2016 ஜூன் 23 அன்று வாக்கெடுப்பு நடந்தது. 2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் விலகியது. ஆனாலும் அந்த ஆண்டின் கடைசி நாள், லண்டன் நேரப்படி இரவு 11 மணி வரை பழைய சட்டமே நடப்பில் இருந்தது. அதற்குள் பிரிட்டனில் குடியேறியிருந்த ஒன்றியக் குடிமக்களின் உரிமைகளையும், ஒன்றிய நாடுகளில் குடியேறியிருந்த பிரிட்டிஷ்காரர்களின் உரிமைகளையும் விலகல் ஒப்பந்தம் காத்தது. அவர்கள் மட்டுமல்ல, அந்த நாளில் அவர்களோடு நெருங்கிய உறவில் இருந்தவர்களும் அதற்குள் அடங்குகிறார்கள். அப்போது எந்த நாட்டில் இருந்தாலும், பின்னால் எந்த ஆண்டில் வேண்டுமானாலும் வந்து சேரலாம். 2020 முடிவதற்குள் மணமுடித்த கணவன் அல்லது மனைவி, 21 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், பிள்ளையைச் சார்ந்து வாழும் பெற்றோர், மாமனார், மாமியார் ஆகியோர் இந்த வரம்பில் வருகிறார்கள். அதற்குப் பிறகு பிறந்த குழந்தைக்கும் இடம் உண்டு. அதற்குப் பிறகு கட்டிய மனைவிக்கு இல்லை.

இந்தத் தேதியின் கடுமையை ஒரு வழக்கு காட்டியது. துருக்கியைச் சேர்ந்த ஒருவரும் ருமேனியப் பெண் ஒருவரும் 2020இலேயே பிரிட்டனில் பதிவுத் திருமணத்துக்கு முயன்றார்கள். கோவிட் முடக்கத்தால் அது தள்ளிப்போய், 2021இல்தான் நடந்தது. தாமதம் அவர்கள் செய்ததல்ல. ஆனாலும் 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கணவரின் கோரிக்கையை ஏற்கவில்லை. சட்டத்தின் எழுத்துப்படி அந்தத் தீர்ப்பு சரியாக இருக்கலாம். நாடே அடைபட்டுக் கிடந்த ஒரு காலத்துக்காவது விலக்கு அளிக்கும் அதிகாரத்தை அரசு தன்னிடம் வைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

சுவிட்சர்லாந்துக்காரர்களுக்கு மட்டும் விதி தளர்வாக இருந்தது. அந்த நாடு ஒன்றியத்தில் இல்லாததால் பிரிட்டனோடு தனி ஒப்பந்தம் செய்துகொண்டது. 2020க்குள் பிரிட்டனில் குடியேறிய சுவிஸ் குடிமக்கள், 2025 டிசம்பர் 31 வரை செய்துகொண்ட திருமணத்தின் பேரிலும் துணையை அழைக்கலாம் என்பது அதில் எழுதப்பட்டது. சுவிஸ் பாஸ்போர்ட் வைத்திருக்கும் ஈழத்தமிழர்களில் இதை அறியாதவர்கள் ஏராளம்.

அழைப்பவர் கையில் ‘செட்டில்ட்’ அல்லது ‘ப்ரீ-செட்டில்ட்’ அந்தஸ்து இருக்க வேண்டும். ஐந்து ஆண்டுகள் வாழ்ந்தவருக்கு முன்னது, அதற்குக் குறைந்தவருக்குப் பின்னது. 2019 மார்ச் இறுதியில் முழுமையாகத் திறந்த, இந்த அந்தஸ்துகளை வழங்கும் திட்டத்துக்கு 65 பவுண்டு கட்டணம் வைக்க முதலில் நினைத்தார்கள். எதிர்ப்பு வரவே, அன்றைய பிரதமர் தெரசா மே அதைக் கைவிட்டார். விண்ணப்பிக்க 2021 ஜூன் 30 கடைசி நாள். சுமார் 35 லட்சம் பேர் என்ற எதிர்பார்ப்போடு தொடங்கிய திட்டத்துக்கு 80 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. ‘ப்ரீ-செட்டில்ட்’ வைத்திருப்பவர் மறுபடி விண்ணப்பிக்காவிட்டால் அந்தஸ்து தானாகப் பறிபோகும் என்ற விதியை 2022 டிசம்பரில் உயர்நீதிமன்றம் செல்லாது என்றது. அதன்பின் உள்துறை அமைச்சகம் அந்தஸ்தின் காலத்தைத் தானாகவே நீட்டித்தது. 2025 ஜூலை முதல், கடைசி 60 மாதங்களில் மொத்தம் 30 மாதம் பிரிட்டனில் இருந்ததைக் காட்டினாலே ‘செட்டில்ட்’ ஆகலாம் என்றும் தளர்த்தியது. கடைசி நாளைத் தவறவிட்டவர்கள் நிலைதான் மோசம். 2023 ஆகஸ்டிலிருந்து, தாமதத்துக்குத் தகுந்த காரணம் இல்லையென்றால் விண்ணப்பத்தைப் பரிசீலனைக்கே எடுப்பதில்லை. தெரியாமல் போய்விட்டது என்று சொல்வது பெரும்பாலும் எடுபடாது.

இனி தாயின் விஷயம். ஒன்றியச் சட்டத்தின் கணக்கு எளிமையானது. குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாத தொழிலாளி நாடு விட்டு நாடு போக மாட்டான். ஆகவே நடமாடும் உரிமையோடு குடும்ப உரிமையையும் சேர்த்தே கட்டினார்கள். பிரிட்டனின் சொந்தச் சட்டம் வேறு கணக்குப் போட்டது. 2012இல், தெரசா மே உள்துறை அமைச்சராக இருந்தபோது, வெளிநாட்டுத் துணையை அழைக்க ஆண்டு வருமானம் 18,600 பவுண்டு வேண்டும் என்று வைத்தார்கள். 2024 ஏப்ரலில் அது 29,000 ஆனது. விசாக் கட்டணத்துக்கு மேல் மருத்துவ வரி ஆண்டுக்கு 1,035 பவுண்டு. முதல் விசாவுக்கு மட்டும் அந்த வரி 3,105 பவுண்டு ஆகிறது.

பெற்றோருக்கான விதி இதைவிடக் கடினம். அன்றாடக் காரியங்களுக்கே நீண்டகாலம் பிறர் உதவி வேண்டிய நிலையில் தாய் இருக்க வேண்டும். மகன் பணம் அனுப்பினாலும் அந்தப் பராமரிப்பு ஊரில் கிடைக்காது என்று நிரூபிக்க வேண்டும். மகனிடம் பணம் இருந்தால், அங்கேயே ஆள் வைத்துப் பார்க்கலாமே என்கிறார்கள். பணம் இல்லையென்றால், இங்கே வந்தால் எப்படிப் பராமரிப்பீர்கள் என்கிறார்கள். ஒரு தாயையும் மகனையும் இப்படி நிறுத்திவைக்கும் விதியைக் குடியேற்றக் கட்டுப்பாடு என்ற பெயரில் நியாயப்படுத்த முடியாது.

விலகல் ஒப்பந்தத்தின் வழியில் வரும் தாய், மகனை நம்பி வாழ்கிறார் என்பதைக் காட்டினால் போதும். 2021 ஜூலைக்கு முன் விண்ணப்பித்தவர்களுக்கு அந்தச் சார்பு இருப்பதாகவே எடுத்துக்கொண்டார்கள், இப்போது ஆதாரம் கேட்கிறார்கள். பிரெஞ்சுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் புதுச்சேரிக்காரர் 2020 முடிவதற்குள் பிரிட்டனில் குடியேறியிருந்தால், அவருக்கும் இதே வழிதான்.

இதில் பிரிட்டிஷ் குடியுரிமையும் குறுக்கிடுகிறது. ஒன்றியக் குடிமகனாக வந்து வாழ்ந்து, பிறகு பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவரின் குடும்ப உரிமை அழியாது என்று 2017இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் பழைய குடியுரிமையையும் அவர் கைவிடாமல் இருக்க வேண்டும். நெதர்லாந்துச் சட்டமோ, விரும்பி வேறு குடியுரிமை பெறுபவரின் டச்சுக் குடியுரிமையைச் சில விலக்குகள் தவிர ரத்து செய்துவிடுகிறது. ஊரில் பெற்றோர் இருப்பவர்கள் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போடும் முன் வழக்கறிஞரைப் பார்ப்பது அவசியம்.

கடலின் அந்தப் பக்கத்துக்கும் இதே தேதிதான். அங்கே குடியேறியிருந்த பிரிட்டிஷ்காரர்களை ஒன்றிய நாடுகள் இரண்டு விதமாக நடத்தின. பிரான்ஸ், நெதர்லாந்து, டென்மார்க், சுவீடன் உள்ளிட்ட 13 நாடுகள் புதிதாக விண்ணப்பித்து அட்டை வாங்கினால்தான் உரிமை என்றன. பிரான்ஸ் கடைசி நாளை 2021 செப்டம்பர் 30 வரை நீட்டித்தது. ஜெர்மனி, ஸ்பெயின், இத்தாலி போன்றவற்றில் உரிமை தானாகவே உண்டு, அட்டை அதற்கான சான்று மட்டும். எங்கே வாங்கினாலும் அந்த உரிமை அந்த ஒரு நாட்டுக்குத்தான். பிரான்ஸ் அட்டையைக் காட்டி ஜெர்மனியில் குடியேற முடியாது. 2021 முதல் புதிதாகப் போகும் பிரிட்டிஷ்காரர் பிற வெளிநாட்டவரோடு வரிசையில் நிற்கிறார். விசா இல்லாமல் 180 நாளில் 90 நாள்தான். குடும்பத்தை அழைப்பதற்கு அந்தந்த நாட்டுச் சட்டம்தான். பிரான்ஸின் பொது விதிப்படி 18 மாதம் அங்கே வாழ்ந்த பிறகே விண்ணப்பிக்க முடியும்.

ஊர் திரும்ப நினைத்த பிரிட்டிஷ்காரர்களும் அடிபட்டார்கள். சுரிந்தர் சிங் என்ற இந்தியரின் வழக்கில் 1992இல் வந்த தீர்ப்பு, வேறொரு ஒன்றிய நாட்டில் வேலை செய்துவிட்டு வெளிநாட்டுத் துணையோடு பிரிட்டன் திரும்புபவருக்கு ஒன்றியச் சட்டத்தின் பாதுகாப்பைத் தந்தது. முப்பது ஆண்டு திறந்திருந்த அந்த வழியில் வர, பிரிட்டன் 2022 மார்ச் 29 வரைதான் பொதுவாக அவகாசம் கொடுத்தது. அதன்பின் மனைவியோடு சொந்த நாடு திரும்பவே வருமானச் சான்று காட்ட வேண்டியதாயிற்று.

ஒப்பந்த வழியில் உறவினரை அழைப்பவர்கள் முதலில் அவர்களுக்குக் குடும்ப அனுமதி விசா எடுக்க வேண்டும். அதற்கும் கட்டணம் இல்லை. சுற்றுலா விசாவில் கூட்டிவந்து பிரிட்டனிலிருந்தே விண்ணப்பிக்கலாம் என்ற யோசனையைக் கேட்டு மாட்டிக்கொள்ள வேண்டாம், அந்த விண்ணப்பம் செல்லாது. வந்து இறங்கிய மூன்று மாதத்துக்குள் அந்தஸ்துக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். பெற்றோராக இருந்தால், மாதாமாதம் பணம் அனுப்பிய வங்கி ரசீதுகள், அவர்கள் கணக்குப் புத்தகத்தின் நகல், மருந்துச் சீட்டு, உங்கள் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் இப்போதே சேர்க்கத் தொடங்குங்கள். உண்டியல் வழியாகக் கைமாறிய பணத்துக்குக் காகிதம் இருக்காது. அடுத்த மாதத்திலிருந்தாவது வங்கி மூலம் அனுப்புங்கள்.