தூரத்துக் கூடாரங்கள்

அடுப்பில் பால் பொங்கி வழிகிறது. வாசலில் தபால்காரர் குரல் கொடுக்கிறார். ஆயினும் புத்தகத்தைப் பிடித்த கை கீழே இறங்க மறுக்கிறது. நல்ல சரித்திர நாவலுக்கு இதுவே லட்சணமென்றால், எம். எம். கே என்ற ஆங்கில மாதரசி 1978-ஆம் வருஷத்தில் வெளியிட்ட 'தி ஃபார் பெவிலியன்ஸ்' அந்தப் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறிவிடும். ஆயிரம் பக்கத்தை நெருங்கும் அந்த நாவலை முடித்துக் கீழே வைத்தபோது, நமக்கு ஒரு கேள்வி எழுந்தது. வெள்ளைக்கார ஆட்சிக் காலத்தைக் காதலும் கண்ணீருமாகச் சித்திரிக்கும் கதையை, அந்த ஆட்சியை உதறியெழுந்த ஜனங்களாகிய நாம் எவ்வாறு படிப்பது?

இமயமலைச் சாரலில், பிரயாணிகளின் கூடாரமொன்றில் பிறக்கிறான் ஆஷ்டன் என்ற ஆங்கிலக் குழந்தை. தாய் தந்தையரை இழந்த அவனை, 1857-ஆம் வருஷத்துக் கொந்தளிப்பில் காப்பாற்றி, அசோக் என்று பெயரிட்டுத் தன் மகனாகவே வளர்க்கிறாள் குதிரைக்காரனின் மனைவி சீதா. தொலைவில் தெரியும் பனிச் சிகரங்களுக்குத்தான் 'தூரத்துக் கூடாரங்கள்' என்று பெயர். அவற்றைப் பார்த்து வளரும் சிறுவனுக்கும், அரண்மனையில் கவனிப்பாரற்ற அஞ்சுலி என்ற ராஜகுமாரிக்கும் நட்பு உண்டாகிறது. பிறகு சீமைப் படிப்பு, 'கைட்ஸ்' படையில் உத்தியோகம், ராஜபுதனத்தை நோக்கிச் செல்லும் கல்யாண ஊர்வலம், உடன்கட்டையின் கொடுமை, முடிவில் காபூல்! எத்தனை பெரிய திரை!

ஆசிரியை 1908-ல் சிம்லாவில் பிறந்தவர். நமது மலைகளையும் கடைவீதிகளையும் அவர் நேசித்தாரென்பதில் சந்தேகமில்லை. அவருடைய தந்தையோ 1920-களின் முற்பகுதியில் இந்திய சர்க்காரின் ரகசிய உளவு இலாகாவுக்குத் தலைவராயிருந்தவர்! அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தும், ஆப்கானிஸ்தானத்தின்மீது படையெடுத்தது அநியாயமென்று தம் கதாநாயகனை நினைக்க வைத்திருக்கிறார். அந்த நேர்மையை மெச்சத்தான் வேண்டும்.

ஆனால் நேசம் வேறு, சமத்துவம் வேறு. கதையில் இந்தியனாக வாழத் தெரிந்த வீரன் ஆங்கிலேயன். கதாநாயகியின் உடம்பிலும் தாய்வழியாக ருஷிய ரத்தம் ஓடுகிறது. நம்மவர்கள் அன்னையாகவும், ஊழியனாகவும், சிநேகிதனாகவும் வந்து கதாநாயகனைத் தாங்குகிறார்கள். கதையின் கடிவாளம் மாத்திரம் அவர்கள் கைக்கு வருவதில்லை.

இவ்விதம் எண்ணிக்கொண்டே காபூல் அத்தியாயங்களுக்கு வந்தோம். இங்கே கற்பனை ஒதுங்கிச் சரித்திரம் முன்னே வருகிறது. 1879-ஆம் வருஷம் செப்டம்பர் 3-ஆம் தேதி, சம்பளப் பாக்கி கேட்டுக் கொதித்தெழுந்த ஆப்கானியச் சிப்பாய்கள் பிரிட்டிஷ் தூதர் கவக்னாரியின் மாளிகையை வளைத்துக்கொண்டார்கள். உள்ளே இருந்த ஆங்கிலேயர்கள் நால்வர். அவர்களைக் காத்து நின்ற கைட்ஸ் வீரர்கள் சுமார் 75 பேர், அவர்களெல்லாரும் நம்மவர்கள். நான்கு ஆங்கிலேயரும் மாண்ட பிறகு, "உங்களோடு எங்களுக்குச் சண்டையில்லை, வெளியே வந்துவிடுங்கள்" என்ற பொருள்பட ஆப்கானியர்கள் அழைத்தார்களாம். ஜமேதார் ஜீவந்த் சிங் என்ற சீக்கிய வீரர் அதற்கு இணங்கவில்லை. எஞ்சியிருந்த சிலரோடு கத்தியை உருவிக்கொண்டு வெளியே பாய்ந்தார், எல்லாரும் மடிந்தார்கள்.

அவர்கள் யாருக்காக மடிந்தார்கள்? உப்பிட்டவர்களுக்குத் துரோகம் செய்யலாகாது என்ற தர்மம் ஒன்றே அவர்கள் அறிந்தது. அந்த உப்பே நம்முடையதுதான் என்று சொல்லி, தண்டியிலும் வேதாரண்யத்திலும் ஜனங்கள் கடற்கரையில் குனிந்து அள்ளுவதற்கு இன்னும் 51 வருஷங்கள் பாக்கியிருந்தன. ஜீவந்த் சிங்கின் வீரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அத்தனை பெரிய வீரம் அந்நியனுடைய வாசலில் காவல் நின்றதே என்பதுதான் நம் துக்கம்.

ஆகவே, இப்புத்தகத்தை வீட்டுக்குள் வரவேற்கலாம் என்பதே நமது அபிப்பிராயம். குழந்தைகள் கொஞ்சம் பெரியவர்களானதும் அவர்களும் படிக்கட்டும். அசோக்கும் அஞ்சுலியும் படும் பாட்டுக்குக் கண்ணீர் விடட்டும். படித்து முடித்ததும், கூடத்தில் அவர்களை அருகே உட்கார்த்திவைத்து, "அசோக் கற்பனை, ஜீவந்த் சிங் கற்பனையல்ல. அவருடைய கதையை அவர் பக்கத்திலிருந்து யார் எழுதப் போகிறார்கள்?" என்று மட்டும் கேட்டுவையுங்கள். பதில் உடனே வராவிட்டாலும் பாதகமில்லை.