நீதிமன்ற வாசல் – 7: “புகாரை வாபஸ் வாங்கச் சொல்லுங்க”

கைதானவரை 48 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்ற விதியைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம், கைதுக்கும் முதல் விசாரணைக்கும் நடுவில் நம்மவர்கள் செய்யும் ஒரு காரியத்தைப் பார்ப்போம்.

பிரிந்துபோன மனைவியையோ பழைய காதலியையோ ஒருவர் அடித்துவிட்டார். அந்தப் பெண் போலீசுக்குப் போய்விட்டார். செய்தி தேக்காவுக்கு வந்ததும் ஒரு பெரியவர் கைபேசியை எடுப்பார். “தெரிஞ்ச பொண்ணுதாம்பா. நான் பேசுறேன். புகாரை வாபஸ் வாங்கிட்டா முடிஞ்சுபோச்சு.” நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் சிங்கப்பூரில் அந்த ஓர் அழைப்பே இன்னொரு வழக்காக மாறலாம்.

குற்றப்பத்திரிகையின் தலைப்பைப் பாருங்கள். ஒரு பக்கம் அரசுத் தரப்பு, மறுபக்கம் குற்றஞ்சாட்டப்பட்டவர். அடி வாங்கியவர் அந்த வழக்கில் சாட்சி மட்டுமே. காயம் விளைவித்த குற்றத்தில் சமரசத்துக்குச் சட்டம் இடம் வைத்திருக்கிறது, உண்மைதான். ஆனால் போலீஸ் விசாரணை தொடங்கிய பிறகு அதற்கு அரசுத் தரப்பின் சம்மதம் வேண்டும். பாதிக்கப்பட்டவர் மன்னித்துவிட்டார் என்பதற்காக வழக்கு தானாக முடியாது.

ஏன் இந்தக் கெடுபிடி? வாபஸ் வாங்கும் அதிகாரம் முழுவதும் அந்தப் பெண்ணிடமே இருந்தால், அவள் வீட்டு வாசலில் யார் யார் நிற்பார்கள் என்று யோசியுங்கள். மாமியார் வருவார், அண்ணன் வருவார், ஊரிலிருந்து அம்மா அழுதுகொண்டே பேசுவார். யார் அதிகம் நெருக்குகிறார்களோ அவர்கள் பக்கம் நியாயம் சாய்ந்துவிடும். முடிவை அரசுத் தரப்பு தன் கையில் எடுத்துக்கொள்வதால் அவளை நெருக்கிப் பயனில்லை என்றாகிறது. இதற்கு ஒரு விலையும் உண்டு. பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு அவன் சம்பளம் வேண்டும், அவன் சிறைக்குப் போகவேண்டாம் என்று அவளே மனதார நினைத்தாலும், அதை அரசுத் தரப்புக்கு எடுத்துச்சொல்லத்தான் முடியும்.

இதே சட்டம் மென்மையாக நடந்துகொண்டது என்று ஊரே கொதித்த வழக்கும் உண்டு. 2019 மே மாதம், சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவ மாணவர் ஒருவர், தன்னைவிட்டுப் பிரிந்த காதலியின் வீட்டுக்குப் போய் அவர் கழுத்தை நெரித்தார். அந்தப் பெண் மயங்கி விழுந்தார். 2020 ஜூலையில் தீர்ப்பு வந்தது: 12 நாள் குறுகிய காலத் தடுப்புக்காவல், 5 மாதம் நேரில் ஆஜராகும் உத்தரவு, 80 மணி நேரச் சமூக சேவை. “கழுத்தை நெரித்ததற்குப் பன்னிரண்டு நாளா?” என்று மக்கள் கொதித்தார்கள். சட்ட, உள்துறை அமைச்சர் கா. சண்முகம் தண்டனை முறையை மறுஆய்வு செய்ய உத்தரவிட்டார். அடுத்த ஆண்டு மார்ச்சில் அதன் முடிவை நாடாளுமன்றத்தில் வைத்தபோது, பாலியல் குற்றங்களிலும் காயம் விளைவிக்கும் குற்றங்களிலும் குற்றவாளியின் படிப்பும் எதிர்காலமும் தண்டனையைப் பெரிதாகக் குறைக்கக் கூடாது என்பதே அரசின் நிலைப்பாடு என்றார்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, தீர்ப்புக்கு முன்பே, 2020 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தங்கள் சட்டத்தை ஏற்கெனவே இறுக்கியிருந்தன. வேண்டுமென்றே காயம் விளைவித்தால் அதிகபட்சச் சிறை 2 ஆண்டிலிருந்து 3 ஆண்டானது. நெருக்கமான உறவில் உள்ளவருக்கு எதிரான குற்றம் என்றால், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அதிகபட்சத் தண்டனையை இரட்டிப்பாக்கலாம். அந்த உறவு கல்யாணமாக இருக்கவேண்டிய அவசியமில்லை.

பாதுகாப்பு ஆணை கேட்பதில் மட்டும் தாலி ஒரு கோடு போடுகிறது. முன்னாள் கணவன் அல்லது மனைவிக்கு எதிராக மாதர் சாசனத்தின் கீழ்த் தனிநபர் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். முன்னாள் காதலருக்கு எதிராக என்றால் 2014இல் வந்த, துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தை நாடவேண்டும். அதற்கென்றே 2021 ஜூன் முதல் தனி நீதிமன்றம் இயங்குகிறது.

இப்போது குற்றஞ்சாட்டப்பட்டவர் பக்கம் வருவோம். தீர்ப்பு வரும்வரை அவர் குற்றவாளி அல்ல. ஹேவ்லாக் சதுக்கத்தில் 35 மாடியாக நிற்கும் அரசு நீதிமன்றக் கட்டடத்தில் குற்றச்சாட்டைத் தமிழில் கேட்டுப் புரிந்துகொள்ள அவருக்கு மொழிபெயர்ப்பாளர் உண்டு. பிணையில் வந்தால் நிபந்தனைகளும் கூடவே வரும்: பாஸ்போர்ட்டை ஒப்படைக்கவேண்டும், சாட்சியைக் கலைக்கக் கூடாது. “தப்புப் பண்ணிட்டேன், கேஸை வாபஸ் வாங்கிடு” என்று நள்ளிரவில் ஒரு வாட்ஸ்அப் செய்தி போனால் பிணை ரத்தாகலாம். நீதிக்குக் குறுக்கே நின்றதாகப் புதிய குற்றச்சாட்டும் வரலாம். அதற்கு 7 ஆண்டுவரை சிறை. நண்பரை விட்டுப் பேசச் சொன்னாலும் இதே கதைதான். முதலில் சொன்ன பெரியவரும் சேர்ந்து மாட்டிக்கொள்ளக்கூடும்.

ஒர்க் பெர்மிட்டில் இருப்பவருக்கு இது இன்னும் கடினம். பிணை நிற்பவர் 21 வயது நிறைந்த குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்கவேண்டும்; டார்மிட்டரியில் அறைத்தோழர்கள் எத்தனை பேர் இருந்தாலும் பயனில்லை. பெர்மிட் ரத்தானால் வழக்கு முடியும்வரை ஸ்பெஷல் பாஸில் காத்திருக்கவேண்டும். பொதுவாக அதை வைத்து வேலை செய்ய முடியாது. கையில் காசில்லாதவருக்கு வக்கீல் வைக்கவும் வழி உண்டு. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட அரசுப் பொதுத் தற்காப்பு அலுவலகத்தை நாடலாம். வெளிநாட்டவர் ப்ரோ போனோ எஸ்ஜி நடத்தும் குற்றவியல் சட்ட உதவித் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

ஆகவே பேச்சுவார்த்தை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது போகவேண்டிய பாதை வேறு. மன்னிப்போ இழப்பீடோ சமரசமோ, எதுவானாலும் வக்கீல் அதை எழுத்தில் அரசுத் தரப்புக்குக் கொண்டுபோகட்டும். உதவ நினைக்கும் பெரியவர் அந்தப் பெண்ணின் எண்ணை விட்டுவிட்டு, பிணை நிற்க ஒருவரையும் வாதாட ஒரு வக்கீலையும் தேடித் தந்தால், அதுதான் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குச் செய்யும் உண்மையான உதவி.

(அடுத்த வாரம்: பாதுகாப்பு ஆணையை மீறினால் என்ன நடக்கும்?)