சந்தைக்குத் தூக்கிச் செல்லும் நிழல் கடை



விதைப்பது, களை எடுப்பது, மருந்து அடிப்பது என்று எத்தனையோ விஷயங்களைப் பேசியிருக்கிறோம். இன்றைக்கு, விளைந்ததை வைத்து விற்கிற இடத்தைப் பற்றிக் கொஞ்சம் பார்ப்போம்.

ஆனைக்குட்டம் பக்கத்து விவசாயி கீரை, வெண்டை, கொய்யா என்று எதைப் பறித்துத் திருத்தங்கலுக்கோ சிவகாசிக்கோ விருதுநகருக்கோ கொண்டு போனாலும், அங்கே முதல் எதிரி வெயில்தான். பறித்த பின்னாலும் காய் மூச்சு விடுகிறது. அதில் இருக்கிற தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. பத்துக் கிலோவில் ஒரு கிலோ வற்றினால், நூறு ரூபாயில் பத்து ரூபாய் காற்றோடு போனதாக அர்த்தம். வாடிய மீதிக்கும் விலையைக் குறைத்துக் கேட்பார்கள்.

1999 நவம்பர் 14-ந் தேதி மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து பல ஊர்களில் உழவர் சந்தைகள் வந்தன. அங்கே இடம் கிடைத்தவர்களுக்குத் தலைக்கு மேல் கூரை உண்டு. வாரச் சந்தையிலும் சாலை ஓரத்திலும் சாக்கை விரித்து உட்காருகிறவர்களுக்கு? அவர்களே தூக்கிப் போய், நட்டு, சாயங்காலம் கழற்றி எடுத்து வரும் கடைதான் வழி. தண்ணீர்ப் பந்தலும் திருவிழாப் பந்தலும் போட்டுப் பழகிய நமக்கு இது புது வித்தை அல்ல.

நிழல் எங்கே விழுகிறது?

கூரை போட்டால் நிழல் கிடைக்கும் என்று சுலபமாக நினைத்துவிடுகிறோம். சித்திரை பிறக்கிற சமயத்தில் நம் வட்டாரத்தில் உச்சி வேளைச் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கிறது. அப்போது நிழல் கூரைக்கு அடியிலேயே விழும். ஆனால் வியாபாரம் நடப்பது காலையிலும் மாலையிலும்தானே! காலை 9 மணிக்குச் சூரியன் கிழக்கே சாய்ந்திருக்கும். ஏழடி உயரக் கூரையின் நிழல் சுமார் எட்டடி மேற்கே தள்ளி விழும். கூரை நம்முடையது, நிழல் பக்கத்துக் கடைக்காரருக்கு!

ஆகையால் கூரையை மட்டும் நம்ப வேண்டாங்க. காலையில் கிழக்குப் பக்கம் ஒரு தட்டி தொங்க வேண்டும். மாலையில் அதையே கழற்றி மேற்கே மாட்ட வேண்டும். தெற்கும் வடக்கும் திறந்திருந்தால் காற்று ஓடும், வாங்க வருகிறவர்களும் தாராளமாக நிற்கலாம். மார்கழியில் உச்சி வெயில் தெற்கே சாயும். அப்போது அந்தப் பக்கம் ஒரு சாக்குத் திரை போதும்.

அமைக்கும் முறை

எட்டடி நீளம், ஆறடி அகலம் ஒரு குடும்பத்துக்குப் போதும். ஒரு பக்கத்துக் கால்கள் ஏழடி, மறு பக்கத்துக் கால்கள் ஆறடி உயரம் இருந்தால் மழைத் தண்ணீர் தேங்காமல் வடியும். இரண்டு இரண்டு கால்களைக் குறுக்குக் கட்டையால் இணைத்து, ஏணி மாதிரி இரண்டு சட்டம் செய்துகொள்ளுங்கள். இரண்டையும் எட்டடிக் கம்புகளால் போல்ட் போட்டுச் சேர்க்கவேண்டும். மூலைக்கு மூலை ஒரு சாய்வுக் கம்பு கட்டாயம். நாலு மூலைச் சட்டம் தள்ளினால் சாயும், முக்கோணம் சாயாது.

கம்புக்குக் கல் மூங்கில் நல்லது. மூன்று வருஷம் முற்றியதாகப் பார்த்து வாங்குங்கள். மூங்கிலில் ஆணி அடித்தால் பிளந்துவிடும். கணுவை ஒட்டித் துளை போட்டு, வாஷர் வைத்து போல்ட்டை முடுக்குங்கள். உளுத்துப் போகாமல் இருக்க, 100 லிட்டர் தண்ணீரில் 3 கிலோ வெண்காரமும் 2 கிலோ போரிக் அமிலமும் கரைத்து, உள் கணுக்களைக் கம்பியால் குத்தித் திறந்து, ஒரு வாரம் ஊறப் போடலாம். கையுறை அணியுங்கள். மிச்சத் தண்ணீரைக் கண்மாயிலோ கிணற்றடியிலோ கொட்டக் கூடாது. நிழலில் காயவைத்து வார்னிஷ் பூசினால் மருந்து மழையில் கரையாமல் நிற்கும்.

கூரைக்கு நம் ஊர்ப் பனை ஓலையே இருக்கிறது. மூங்கில் சிம்பில் முடைந்து, இரண்டு தட்டிகளாகச் செய்து மேலே வைத்துக் கட்டுங்கள். தகரம் கனம், வெயிலில் சூடேறிக் கீழே உள்ள காயையும் வாட்டும். பிளாஸ்டிக் விரிப்பில் காற்றுப் புகாமல் புழுங்கும். ஓலை இரண்டு கஷ்டமும் தராது. பழசானால் குப்பைக் குழிக்குப் போய் எருவாகும்.

காற்றுக்குக் கணக்கு

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகக் காற்று நம் 48 சதுர அடிக் கூரையில் சுமார் 33 கிலோ விசையைக் காட்டும். 60 கிலோமீட்டர் ஆனால் அதுவே 75 கிலோ. வேகம் ஒன்றரை மடங்கு ஏறினால் விசை இரண்டே கால் மடங்கு! எனவே ஒவ்வொரு காலிலும் 20 கிலோ மணல் மூட்டை ஒன்று கட்டுங்கள். சாக்கை மட்டும் எடுத்துப் போனால் போதும், மணலை அங்கேயே நிரப்பலாம். மண் தரையானால் முளை அடித்துச் சாய்வாகக் கயிறும் கட்டுங்கள். மரக் கிளைகள் பலமாக ஆடத் தொடங்கினால் யோசிக்காமல் கூரைத் தட்டியை இறக்கிவிடுங்கள்.

தீ விஷயத்தில் சமாதானம் இல்லை

நாம் இருப்பது பட்டாசுப் பூமி. காய்ந்த ஓலை ஒரு பொறியில் பற்றும். 2004 ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளியில் சமையல் கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவி, 94 குழந்தைகளைப் பறிகொடுத்தோம். அதை மறக்கக் கூடாது. ஓலைக்கு அடியில் அடுப்பு, பெட்ரோமாக்ஸ், பீடி, கொசுவத்தி எதுவும் வேண்டாம். விளக்குக்குப் பேட்டரி போதும். டீயோ வடையோ போடுகிறவர்கள் ஓலையை விட்டுத் தகரமே போடவேண்டும். பட்டாசுக் கடைக்கும் குடோனுக்கும் பக்கத்தில் ஓலைக் கடை வைக்காதீர்கள்.

கழற்றும் கடைக்கு இங்கேதான் ஒரு பெரிய லாபம். தட்டிகளைச் சுருக்கு முடிச்சில் கட்டியிருந்தால் ஒரே இழுப்பில் கீழே வரும். இரவில் ஆளில்லாத ஓலைக் கூரை ரோட்டில் நிற்கவே நிற்காது. தீபாவளி நேரத்தில் வீட்டிலும் அதைத் திறந்த முற்றத்தில் போடாமல், மூடிய இடத்தில் வையுங்கள்.

சேர்ந்து செய்தால்

ஐந்தாறு குடும்பமோ, ஒரு மகளிர் குழுவோ சேர்ந்து ஒரே அளவில் செய்தால் சாமான் செலவு குறையும். ஒரு சட்டத்தின் கம்பு உடைந்தால் இன்னொன்றின் கம்பு பொருந்தும். கோடையில் மூன்றை வரிசையாகச் சேர்த்தால் 24 அடித் தண்ணீர்ப் பந்தல் தயார். நகரத்தில் கடை போடுகிறவர்கள் 2014-ம் வருஷத்துத் தெரு வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழு ஒதுக்கும் இடத்தைக் கேட்டு வாங்குங்கள். கிராமத்தில் பஞ்சாயத்தில் சொல்லிவிட்டுப் போடுங்கள். பஸ் திரும்பும் முனையில் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. நிழலோடு ஈரமும் சேர வேண்டும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த சாக்கைக் கூடையின் மேல் போடுங்கள். நம்முடையது வறண்ட காற்று. ஈரம் வேகமாக ஆவியாகிக் கூடையைக் குளிர வைக்கும். சாக்கு காயக் காய மறுபடி நனையுங்கள். வயலில் பார்த்த பச்சை, தராசுத் தட்டு வரைக்கும் நிற்கும், விலையும் நிற்கும்.