கிணற்றடி ஸ்விட்ச் பலகை

பைக்காரா மின்னிலையம் 1932-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியபின், கோயம்புத்தூர்ச் சீமையில் கவலை ஏற்றம் படிப்படியாகக் குறைந்து மின்சாரப் பம்பு பெருகிற்று. இன்று மோட்டார் இல்லாத கிணறு அரிது. ஆயினும், மோட்டாருக்குப் பெருந்தொகை செலவிடும் அங்கத்தினர் பலர், அதனைக் காக்கும் ஸ்விட்ச் பலகையைக் கிடைத்த மரத்துண்டில் ஒப்பேற்றிவிடுகின்றனர். மோட்டார் கருகுவதற்கும், சில வேளைகளில் உயிரே போவதற்கும் இது காரணமாகின்றது. ஆகவே, 5 குதிரைத்திறன் மும்முனை மோட்டாருக்குரிய பலகையை அமைக்கும் முறையை இங்கு விளக்க முற்படுகின்றோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். இத்தகைய மோட்டார் 415 வோல்ட்டில், முழுச்சுமையில், ஏறத்தாழ 7½ ஆம்பியர் வாங்கும். சரியான அளவு மோட்டாரின் பெயர்த்தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கும், அதையே கொள்ளவேண்டும். நேராகத் துவக்குங்கால் இதைப்போல் சுமார் ஆறு மடங்கு, அதாவது 45 ஆம்பியர், சில விநாடிகள் பாயும். இதைத் தாங்கும் பொருட்டே பியூஸ் 16 அல்லது 20 ஆம்பியர் அளவில் இடப்படுகின்றது.

இங்கேதான் பலரும் ஏமாறுகின்றனர். ஓடும்போது மூன்று முனைகளில் ஒன்று அற்றுப்போனால், எஞ்சிய இரண்டிலும் மின்னோட்டம் ஏறத்தாழ 1¾ மடங்காகி 13 ஆம்பியரைத் தொடும். 20 ஆம்பியர் பியூஸ் இதற்கு அசையாது. மோட்டாரின் சுருள்தான் வெந்து கருகும். பியூஸ் காப்பது கம்பியை. மோட்டாரைக் காப்பவை ஸ்டார்ட்டரிலுள்ள ஓவர்லோடு ரிலேயும், சிங்கிள் பேஸ் பிரிவென்டரும் ஆகும். நேராகத் துவக்கும் ஸ்டார்ட்டரில் ரிலேயைப் பெயர்த்தகட்டு ஆம்பியரிலேயே வைக்கவேண்டும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில், ரிலே சுருளோடு சேர்ந்த பகுதியில் இருப்பின், அதில் 58 சதவிகிதம் போதும். அடிக்கடி நின்றுவிடுகிறதென்று ரிலேயைத் திருகி உயர்த்துவது மோட்டாரை எரிப்பதற்கே வழி.

பெட்டி கனத்த இரும்புத் தகட்டாலானதாய், இறுக மூடும் கதவுடன் இருக்கவேண்டும். மோட்டார் அறையின் உட்சுவரில் மார்பளவு உயரத்தில் பொருத்துக. கம்பிகளை அடிப்புறமாகவே நுழைத்து, துளைகளை அடைத்துவிடுக. மழை நீரும் பல்லியும் எறும்பும் ஸ்டார்ட்டரின் பகைவர்கள். மின்சாரம் வரும் வரிசையில் மெயின் ஸ்விட்ச், பியூஸ், மின்கசிவைத் துண்டிக்கும் கருவி, பிரிவென்டர், ஸ்டார்ட்டர் என்று அமையலாம். வோல்ட்மீட்டரும் ஆம்மீட்டரும் கதவின் முகப்பில் இருப்பின், துவக்குமுன்னும் துவக்கிய பின்னும் நிலையை ஒரு பார்வையில் அறியலாம். தீவனம் வெட்டும் யந்திரத்தையும் இணைக்க விரும்புவோர், விவசாய இணைப்பில் அதற்கு அனுமதியுண்டா என்பதை மின் அலுவலகத்தில் முதலில் கேட்டறியவேண்டும். அதற்கெனத் தனி ஸ்டார்ட்டரும், அதன் மோட்டாருக்கேற்ற தனி ரிலேயும் வேண்டும்.

அடுத்தது எர்த். மோட்டார் உடலுக்கு இரண்டு தனித்தனி எர்த் கம்பிகள் அவசியம். இரும்புக் குழாயைக் குறைந்தது 2½ மீட்டர் ஆழத்திற்கு இறக்கி, கரியும் உப்பும் இட்டு, கோடையில் நீர் ஊற்றி வரவேண்டும். மண் காய்ந்து எர்த்தின் தடை 20 ஓமாக ஏறிவிட்டால், 240 வோல்ட் கசியும்போதும் 12 ஆம்பியரே பாயும், பியூஸ் போகாது. மோட்டார் உடலில் மின்சாரம் நின்றிருக்கும். ஈரக்காலுடன் வாய்க்காலிலிருந்து வந்து அதைத் தொடுபவர் கதி என்ன? இதனாலேயே 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் கருவியை வற்புறுத்துகின்றோம்.

மின்சாரம் வந்தவுடன் தானே ஓடத் துவங்கும் ஏற்பாடு சௌகரியமானதே. ஆனால், பம்பில் கை வைத்திருப்பவருக்கு அதுவே எமன். பழுது பார்க்குமுன் மெயின் ஸ்விட்சை அணைத்து, பூட்டிட்டு, சாவியைத் தம் மடியில் வைத்துக்கொள்ளும் வழக்கம் வேண்டும். பியூஸ் கட்டையையும் கழற்றி உடன் எடுத்துச் செல்வது மேலும் நன்று.

பெட்டியின் அளவையும் அமைப்பையும் அங்கத்தினர் தாமே திட்டமிடலாம். இணைப்பு வேலையையோ உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்யவேண்டும். தார் சுற்றும் மோட்டார் வைத்திருக்கும் நெசவாளருக்கும் இக்காப்பு முறைகள் பொருந்தும். ஒரே ஊரில் பலருக்குத் தேவைப்படுமாயின், சங்கத்தின் மூலம் ஒரே மாதிரிப் பெட்டிகளாக வாங்குவது சிக்கனம். ஒருவர் பெட்டி பழுதுபட்டால் மற்றவரிடமுள்ள உதிரிப்பாகம் உதவும். மோட்டார் போனால் மறுபடி கட்டிக்கொள்ளலாம்; உயிர் அப்படியன்று என்பதை அங்கத்தினர் அனைவரும் நினைவில் கொள்வார்களாக.