ஏலக்காய் ஏலமும் எம்.டெக். படிப்பும்

தமிழில் ஏலம் என்னும் ஒரே சொல் ஒரு நறுமணக் காயையும், பலர் விலை கூற ஒருவருக்கு விற்கும் முறையையும் குறிக்கிறது. முன்னது இம்மண்ணின் சொல், பின்னது போர்த்துகீசிய மொழி வழியே வந்து சேர்ந்தது என்பர். இவ்விரண்டும் ஓரிடத்தில் கூடும் ஊர்கள் மிகச் சில, அவற்றுள் ஒன்று தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர். போடிமெட்டுக்கு அப்பால் ஏலமலைத் தோட்டங்களில் விளைந்து உலர்த்தப்பட்ட காய் இங்கும், கேரளத்து இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் ஏலத்துக்கு வருகிறது. ஸ்பைசஸ் போர்டு என வியாபாரிகள் சொல்லும் நறுமணப் பொருள்கள் வாரியம் 2007இல் இவ்விற்பனையை மின்னணு ஏலமாக மாற்றியது. பின்னர் 2021இல், இரு மையங்களிலும் இருப்பவர்கள் ஒரே ஏலத்தில் ஒரே வேளையில் விலை கேட்கும் வகையில் அதை இணையவழிச் சர்வர்களுக்குக் கொண்டு சென்றது. கூடத்தில் அமர்ந்து மாதிரிக் காயை உள்ளங்கையில் உருட்டிப் பார்க்கும் வழக்கம் மாறவில்லையெனினும், கேட்ட விலை குரலாக ஒலிக்காமல் தரவாகப் பயணம் செய்யத் தொடங்கியது பெரிய மாற்றமே. சைபர் பாதுகாப்பில் முதுநிலைப் பட்டம் பெற விரும்பும் ஒருவர் இரண்டாண்டுகள் எதைப் படிக்கிறார் என்பதை விளக்க, இந்தக் கூடத்தைவிடப் பொருத்தமான இடம் இப்பகுதியில் இல்லை.

இப்படிப்பை விளம்பரங்கள் காட்டும் விதம் வேறு. முகமூடி அணிந்த உருவம், பச்சை எழுத்துகள் ஓடும் திரை, கணினியை உடைக்கும் கருவிகள் என்று அவை மயக்குகின்றன. கருவிகள் பாடத்தில் உண்டு, ஆனால் அவை சில ஆண்டுகளில் பழையனவாகிவிடும். ஓர் ஏற்பாட்டில் யார் யாரை எந்த அளவுக்கு நம்ப வேண்டியிருக்கிறது, அந்த நம்பிக்கை பொய்த்தால் என்ன நேரும் என்று முறையாகக் கேட்கும் பழக்கமே இப்படிப்பின் உயிர்நாடி. இதனைப் பாடநூல்கள் அச்சுறுத்தல் வரைவு என்ற தலைப்பில் கற்பிக்கின்றன.

முதற்பருவத்திலேயே மூன்று பண்புகள் அறிமுகமாகும். அறியக் கூடாதவர் அறியாதிருப்பது மறைமை. அனுப்பிய தரவு வழியில் திருத்தப்படாதிருப்பது மாறாமை. வேண்டிய நேரத்தில் சேவை கிடைப்பது கிட்டுமை. மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல்களைத் தொட்டு விலை பேசும் வழக்கம், கணினிக்கு வெகுகாலம் முன்பே மறைமைக்குத் தமிழர் கண்ட வழி. பிறர் கேட்கும் விலையைக் கண்டு மேலே ஏறும் ஏலத்திலோ விலை வெளிப்படையானது. அங்கே மாறாமையும் கிட்டுமையுமே முதன்மை பெறுகின்றன. லாட் எனப்படும் ஒரு விற்பனைத் தொகுதி சில நொடிகளில் விலைபோகுமானால், அந்த நொடிகளில் மலைப்பகுதி இணைப்பு அறுந்துபோவது திருட்டுக்குச் சற்றும் குறையாத இழப்பு. இவற்றோடு, கேட்ட விலையைப் பின்னர் மறுக்க இயலாதபடி செய்யும் மின்னணுக் கையொப்பமும் சேரும்.

யார் முதலில் கேட்டார் என்ற வழக்கு எழுந்தால் கடிகாரமே சாட்சி. கணினிப் பாதுகாப்பு நிகழ்வுகளைக் கவனிக்கும் நடுவண் அமைப்பான செர்ட்-இன், 2022 ஏப்ரலில் பிறப்பித்த ஆணையில், நிறுவனங்கள் தம் கணினிக் கடிகாரங்களை அரசு நேரச் சர்வர்களோடு ஒத்திசைக்கவும், பதிவுக் குறிப்புகளை 180 நாள்கள் வைத்திருக்கவும், தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் பணித்தது. வெவ்வேறு கணினிகளின் பதிவுகளை அடுக்கி நடந்ததை மீட்டெடுக்கும் தடயவியல் மாணவருக்கு, இவற்றுள் முதல் விதியின் அருமை விரைவில் விளங்கும்.

பாடத்தின் மிக அழகிய பகுதி மறையீட்டியல். ஒவ்வொருவரும் தம் விலையை மூடிய உறையில் இடும் ஏலத்தை எண்ணிப் பார்க்கலாம். உறைக்குப் பதிலாக ஹாஷ் என்னும் கணிப்பு பயன்படும். எத்தகைய செய்தியையும் அது குறித்த நீளமுள்ள ஓர் எண்ணாகச் சுருக்கும், அந்த எண்ணிலிருந்து செய்தியைத் திரும்பப் பெறுவதும், அதே எண்ணைத் தரும் வேறொரு செய்தியைக் கண்டுபிடிப்பதும் நடைமுறையில் இயலாது. எனவே முதலில் விலையின் ஹாஷை மட்டும் அறிவித்துவிட்டுப் பின்னர் விலையைச் சொன்னால், இடையில் எவரும் விலையை அறியவோ மாற்றவோ முடியாது. ஆயினும் இதில் ஓர் ஓட்டை உண்டு: ஏலக்காய் விலை கிலோவுக்குச் சில ஆயிரம் ரூபாய் என்ற எல்லைக்குள் அடங்குவதால், 1 முதல் 10,000 வரை எல்லா எண்களுக்கும் ஹாஷ் கணித்து ஒப்பிட்டு, கண் இமைக்கும் நேரத்தில் விலையைக் கண்டுவிடலாம். அதனால் விலையோடு ஒரு நீண்ட தற்செயல் எண்ணையும் சேர்த்தே ஹாஷ் எடுக்க வேண்டும். இத்தகைய ஓட்டையைத் தானாகக் கண்டுகொள்ளும் மாணவரே இத்துறைக்கு உரியவர்.

ஏலத்தை நடத்துபவருக்கும் விலை தெரியக் கூடாது என்றால்? தத்தம் செல்வத்தை வெளியிடாமலே இருவருள் யார் பணக்காரர் என்று அறிய முடியுமா என 1982இல் கணினி அறிவியலாளர் ஆண்ட்ரூ யாவ் எழுப்பிய கேள்வியிலிருந்து இதற்கான கணிதம் வளர்ந்தது. அது பெரிய அளவில் முதன்முதலாக வயலுக்கு வந்தது 2008 ஜனவரியில், டென்மார்க்கின் சர்க்கரைக் கிழங்கு உழவர்களிடம். அவர்களிடம் கிழங்கு வாங்கிய ஆலை நிறுவனம் ஒன்றே ஒன்று. தம் விலைகளை அது பார்த்தால் தம் பொருளாதார நிலை தெரிந்துவிடும் என்று உழவர்கள் தயங்கினர். ஆகவே ஒவ்வொரு விலையும் கூறுபோடப்பட்டு ஆலை, உழவர் சங்கம், ஆய்வாளர் குழு என்னும் மூன்று தரப்பினரிடம் பிரித்து வைக்கப்பட்டது. எந்த ஒரு தரப்பும் தனியாக எதையும் அறியாமல், மூன்றும் சேர்ந்து சந்தை விலையை மட்டும் கணித்தன. ஏறத்தாழ 1,200 பேர் பங்கேற்ற அந்த ஏலம் உழவர் சந்தைக்கும் உயர்கணிதத்துக்கும் உறவில்லை என்ற எண்ணத்தைத் தகர்த்தது. ஏலமலையிலும் வாங்குவோரைவிட விளைவிப்போர் மிகுதி என்பதால் இவ்வுதாரணம் இங்கே கருதத்தக்கது.

போடியில் 2012இல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரியில் இளநிலை முடிப்பவர், சைபர் பாதுகாப்புக்கென எம்.டெக். நடத்தும் கோவை அமிர்தா பல்கலைக்கழகத்தையோ, சைபர் தடயவியலிலும் தகவல் பாதுகாப்பிலும் எம்.எஸ்சி. தரும் சென்னைப் பல்கலைக்கழகத்தையோ நாடலாம். 2023 ஜூன் முதல் போடியிலிருந்து சென்னைக்கு நேரடி ரயிலும் உண்டு. கேட் தேர்வு மதிப்பெண்ணோடு ஏஐசிடிஇ ஏற்புடைய இடங்களில் எம்.டெக். சேர்ந்தோர்க்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். பயிற்சி வெளியுலகிலிருந்து துண்டிக்கப்பட்ட ஆய்வகத்தில் நடப்பதே முறை, ஏனெனில் உரியவர் அனுமதியின்றித் தீய நோக்கோடு ஒரு கணினிக்குள் நுழைவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 மூன்றாண்டு வரை சிறை விதிக்கிறது. கற்றுக்கொள்வதற்காக என்ற சமாதானம் வழக்கிலிருந்து காக்கும் என்று மாணவர் நம்பக் கூடாது.

இரண்டாம் ஆண்டு பெரும்பாலும் ஆய்வேட்டில் கழியும். ஏலத்தை ஆய்வுப் பொருளாக எடுப்பவர், தம் கணிதம் எங்கே தொடங்குகிறது என்பதையும் குறித்தாக வேண்டும்: கணினிக்குள் வந்த எடையும் தரமும் அதன்பின் மாறவில்லை என்று மட்டுமே ஹாஷ் உறுதி சொல்லும். மூட்டையை எடை போட்ட தராசு சரியா என்பதைப் பார்ப்பவர், 2009ஆம் ஆண்டு எடையளவுச் சட்டத்தின்கீழ் அதற்கு முத்திரையிடும் ஆய்வாளர்.