பயப்பட வேண்டியது ஜெல் போத்தலுக்கு

தே தாரிக் ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன், அக்கா. தஞ்சோங் கிளிங்கில் மருமகள் முழுகாமல் இருக்கிற வீட்டிலெல்லாம் இதே கேள்விதான்: அடிக்கடி ஸ்கேன் எடுத்தால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமா?

இந்தப் பயம் எக்ஸ்ரேயிலிருந்து வந்தது. ஒரு காலத்தில் கர்ப்பிணிகளின் வயிற்றை எக்ஸ்ரே எடுப்பது சாதாரணம். இங்கிலாந்தில் ஆலிஸ் ஸ்டூவர்ட் என்ற மருத்துவர், புற்றுநோயில் இறந்த பிள்ளைகளின் தாய்மாரை விசாரித்து, கருவில் எக்ஸ்ரே பட்ட பிள்ளைகளுக்கு அந்த ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு என்று 1956இல் எழுதினார். மருத்துவ உலகம் அதை ஒப்புக்கொள்ளப் பல வருடம் பிடித்தது. இன்று கர்ப்பமா என்று கேட்காமல் எக்ஸ்ரே எடுக்கமாட்டார்கள். நம் நாட்டில் 1984ஆம் ஆண்டு அணுசக்தி உரிமச் சட்டம் இந்தக் கருவிகளைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது.

வயிற்று ஸ்கேனில் அந்தக் கதிரே கிடையாது. கிணற்றுக்குள் கூப்பிட்ட குரல் திரும்பி வருவதுபோல, உள்ளே போய்த் திரும்பும் ஒலிதான் படமாகிறது. நடுவில் காற்று இருந்தால் ஒலி தோலோடு திரும்பிவிடும். சில்லென்று ஜெல் தடவுவது அதற்குத்தான்.

ஆனால் ஒலியும் சதையைக் கொஞ்சம் சூடாக்கும். திரையின் ஓரத்தில் டி.ஐ. என்று ஒரு சின்ன எண் தெரியும். அது சூட்டின் கணக்கு. முதல் மூன்று மாதத்தில் இரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் போட நேர்ந்தால் அந்த எண் 1-ஐத் தாண்டக்கூடாது, ஐந்து பத்து நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்பது நிபுணர் சங்கங்களின் அறிவுரை. தேவைக்கு, தெரிந்தவர் கையால் எடுக்கும் ஸ்கேனில் பிள்ளைக்குக் கெடுதல் என்று இதுவரை நிரூபணமில்லை. முகம் பார்க்கிறேன், வீடியோ பிடிக்கிறேன் என்று காசு கொடுத்து முக்கால் மணி நேரம் படுத்திருப்பதை மட்டும் நான் வேண்டாம் என்பேன்.

என்னைக் கேட்டால் பயப்பட வேண்டியது ஜெல் போத்தலுக்கு. 2011 டிசம்பரிலும் 2012 ஜனவரியிலும் அமெரிக்காவின் மிச்சிகனில், இருதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 16 பேருக்குக் கிருமி தொற்றியது. தொண்டை வழியாக உள்ளே விடும் ஸ்கேன் கருவியில் தடவிய ஜெல்லிலேயே கிருமி இருந்தது. வயிற்றின் மேல் தடவுவதற்குச் சாதாரண ஜெல் போதும். புண், ஊசி குத்தும் இடம், உள்ளே விடும் கருவி என்றால் கிருமி நீக்கிய தனிப் பொட்டலம் வேண்டும். மீந்த போத்தலில் புது ஜெல்லை ஊற்றி நிரப்புவது கூடவே கூடாது. கருவியைத் துடைத்தீர்களா என்று மிஸியிடம் கேட்கலாம், தப்பில்லை.

அண்ணனுக்கு சி.டி. ஸ்கேன் எழுதியிருந்தால் அது வேறு கணக்கு; அதில் எக்ஸ்ரே கதிர் உண்டு. வயிற்றுக்கு ஒரு தடவை எடுத்தால், மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாக நம்மேல் மூன்று நான்கு வருடத்தில் படுகிற கதிர் ஒரே நாளில் பட்டுவிடும். அவசியமென்றால் தள்ளிப்போடாமல் எடுக்க வேண்டியதுதான். தனியார் கிளினிக்கில் எடுத்த படம் அலமாரியில் கிடக்க, பெரியாஸ்பத்திரியில் மறுபடி எடுப்பதுதான் வீண். மலாக்கா போகும்போது பழைய படங்களை மறக்காமல் எடுத்துப் போங்கள், அக்கா.